அமெரிக்காவில் ஓவர்டிராஃப்ட் கட்டணம்: புதிதாக வந்தவர்கள் தப்பிக்கும் வழியும், கிரெடிட் யூனியன் என்ற இன்னொரு வழியும்

ஊரில் கணக்கில் பணம் இல்லாமல் டெபிட் கார்டைத் தேய்த்தால் கார்டு வேலை செய்யாது. கடைக்காரர் மெஷினைத் திருப்பிக் காட்டுவார், வேறு வழியில் பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம், அவ்வளவுதான். அதே பழக்கத்தில் அமெரிக்கா வந்து இறங்கிச் செக்கிங் கணக்கு (அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கு) திறப்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் புதிது: பணம் இல்லாவிட்டாலும் கார்டு வேலை செய்யலாம். கணக்கில் 12 டாலர் இருக்கிறது, 15 டாலருக்குச் சாப்பாடு வாங்குகிறீர்கள் என்றால், குறைகிற 3 டாலரை வங்கி தன் கையிலிருந்து போட்டுக் கடைக்குக் கொடுத்துவிடும், அதற்குக் கூலியாக உங்களிடம் 35 டாலர் வரை எடுத்துக்கொள்ளும். இதுதான் ஓவர்டிராஃப்ட் கட்டணம். அடுத்த சம்பளமோ ஸ்டைபெண்டோ வந்து விழுந்ததும் முதல் வேலையாக அந்த 38 டாலர் கழிக்கப்படும்.

இதை அபராதம் என்று நினைத்து, 'நம்ம தப்புதானே' என்று பேசாமல் கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். இது அபராதம் இல்லை, கடன். அதுவும் மிக மோசமான வட்டிக்கு வாங்கிய கடன். அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. 2014இல் வெளியிட்ட ஆய்வில், டெபிட் கார்டில் விழும் ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பெரும்பாலானவை 24 டாலரோ அதற்கும் குறைவாகவோ செலவு செய்ததற்காக விழுந்தவை என்றும், பெரும்பாலோர் 3 நாட்களுக்குள் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள் என்றும் சொன்னது. 24 டாலரை 3 நாளைக்குக் கொடுத்துவிட்டு 34 டாலர் வாங்கினால் அது ஆண்டுக்கு 17,000 சதவீதத்துக்கும் மேலான வட்டி. கந்துவட்டிக்காரர்கூட இப்படிக் கேட்க மாட்டார். நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கடனில் பெரும்பகுதியை 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி இருக்கிறது.

முதல் வேலை: டெபிட் கார்டு ஓவர்டிராஃப்டை அணைப்பது

2010ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கும் மத்திய விதிப்படி (ரெகுலேஷன் ஈ என்பார்கள்), ஏ.டி.எம்.மில் எடுக்கும் பணத்துக்கும், கடையிலோ இணையத்திலோ டெபிட் கார்டால் ஒரு முறை செய்யும் செலவுக்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்க வேண்டுமானால் வங்கி உங்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் கார்டை மறுக்கலாம், அல்லது கட்டணம் இல்லாமல் அனுமதிக்கலாம், ஆனால் கட்டணம் போட முடியாது.

'நான் சம்மதமே கொடுக்கவில்லையே' என்பீர்கள். கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. கணக்கு திறக்கும் நாளில் ஜெட்லாக்கோடு உட்கார்ந்து டேப்லெட்டில் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போனபோது அதில் ஒரு பக்கம் இதுவாக இருந்திருக்கும். 'அவசரத்துக்கு உதவும், வைத்துக்கொள்ளுங்கள்' என்று எதிரில் இருப்பவர் சொல்லியிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்போம். பரவாயில்லை, எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். ஆப்பில் கணக்கின் அமைப்புகளுக்குள் போனால் 'ஓவர்டிராஃப்ட்' என்ற சொல்லோடு ஓர் இடம் இருக்கும். டெபிட் கார்டு கவரேஜ், கோர்ட்டஸி பே என்று ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் கார்டின் பின்னால் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, ஏ.டி.எம். மற்றும் டெபிட் கார்டு செலவுகளுக்கான ஓவர்டிராஃப்டிலிருந்து 'ஆப்ட் அவுட்' செய்ய வேண்டும் என்று சொன்னால் போதும். அணைத்துவிட்டதாக மின்னஞ்சலோ கடிதமோ வரும், அதை எடுத்து வையுங்கள்.

கடையில் கார்டு மறுக்கப்பட்டால் சங்கடமாக இருக்குமே என்று சிலர் தயங்குகிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் உங்களை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார். 35 டாலர் மாணவராக இருப்பவருக்கு ஒரு வார மளிகை. என் கருத்தில் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

அணைத்த பிறகும் வருகிற கட்டணங்கள்

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மேலே சொன்ன விதி ஏ.டி.எம்.முக்கும் ஒரு முறைச் செலவுக்கும் மட்டும்தான். காசோலை, கணக்கிலிருந்து நேரடியாக இழுக்கப்படும் ஏ.சி.எச். பணம், மாதாமாதம் தானாகப் போகும் சந்தா ஆகியவற்றுக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, கட்டணம் போடலாம். அதனால் இவை எப்போது, எவ்வளவு தாமதமாக உங்கள் கணக்கைத் தொடுகின்றன என்பதைப் புரிந்துகொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு.

வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் நிறைய வீட்டுக்காரர்கள் காசோலையாகவே வாங்குகிறார்கள். 1ஆம் தேதி கொடுத்துவிடுவீர்கள், அவர் ஊருக்குப் போய்விட்டு 11ஆம் தேதி வந்து போடுவார். இடையில் ஆப்பைத் திறந்து பார்த்தால் 1,400 டாலர் இருப்பதாகக் காட்டும், அதில் 1,100 ஏற்கெனவே வீட்டுக்காரருடையது என்பது ஆப்புக்குத் தெரியாது. காசோலை எழுதிய அன்றைக்கே அந்தத் தொகையைச் சேவிங்ஸ் கணக்குக்கு நகர்த்திவைத்துக் கடைசியில் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சிலர் செய்வார்கள், அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அவர் எந்த நாள் போடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. செக்கிங்கிலேயே விட்டுவிடுங்கள், ஒரு தாளிலோ போனிலோ 'வாடகை போகவில்லை' என்று குறித்துவைத்து, மனக்கணக்கில் கழித்துவிடுங்கள்.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய ஒன்று: வீட்டுக்குப் பணம் அனுப்புவது. வைஸ், ரெமிட்லி போன்ற சேவைகளில் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் பணம் உங்கள் கணக்கைவிட்டு அந்த நொடியே போகாது, ஏ.சி.எச். வழியாக ஓரிரு வேலைநாட்கள் கழித்துத்தான் இழுக்கப்படும். சில சமயம் அம்மாவின் கணக்கில் ரூபாய் சேர்ந்த பிறகும் இங்கே டாலர் போகாமல் நிற்கும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினால் செவ்வாய்க்கிழமைகூட ஆகலாம். அந்த வார இறுதியில் காஸ்ட்கோ பேரங்காடிக்குப் போய் வந்துவிட்டால், பணம் இழுக்கப்படும் நாளில் கணக்கு மைனஸில் இருக்கும். பணம் அனுப்பிய நாளிலேயே அந்தத் தொகை போய்விட்டதாகவே எண்ணிச் செலவு செய்யுங்கள். அமெரிக்காவுக்குள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பும் ஸெல் மட்டும் இதற்கு நேர் எதிர், அனுப்பிய உடனே கணக்கிலிருந்து போய்விடும்.

பெட்ரோல் போடும்போது (இங்கே கேஸ் என்பார்கள்) பம்பிலேயே கார்டைச் செருகினால், எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று பம்புக்குத் தெரியாததால் ஒரு தொகையைப் பிடித்துவைக்கும். 1 டாலராகவும் இருக்கலாம், 100 டாலருக்கு மேலும் இருக்கலாம். நீங்கள் 30 டாலருக்குத்தான் போட்டிருப்பீர்கள், பிடித்துவைத்தது விடுபடும்வரை மீதிப் பணத்தைத் தொட முடியாது. உள்ளே போய்க் காசாளரிடம் '30 டாலருக்கு' என்று சொல்லிப் பணம் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. விடுதி, வாடகைக் கார் இரண்டிலும் இதே கதைதான், தொகை இன்னும் பெரிது. உணவகத்தில் வேறு மாதிரி: 40 டாலர் பில்லுக்குக் கார்டைத் தேய்க்கிறார்கள், நீங்கள் 8 டாலர் டிப்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள், அன்றைக்கு 40தான் காட்டும், இரண்டு நாள் கழித்து 48 ஆக இறங்கும்.

இதனால்தான் ஆப்பில் இரண்டு இருப்புத் தொகை காட்டுவார்கள். 'கரன்ட் பேலன்ஸ்' என்பது கணக்கில் இறங்கி முடிந்தவற்றின் கணக்கு, 'அவைலபிள் பேலன்ஸ்' என்பது பிடித்துவைத்ததைக் கழித்து நீங்கள் தொடக்கூடிய தொகை. பார்க்க வேண்டியது இரண்டாவதை. அதிலும் எழுதிக்கொடுத்த காசோலை தெரியாது, இன்னும் வராத ஏ.சி.எச். தெரியாது, டிப்ஸ் தெரியாது.

இதில் பெரிய அநியாயம் ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. கார்டைத் தேய்க்கும் நொடியில் கணக்கில் போதுமான பணம் இருக்கும், வங்கியும் அனுமதிக்கும், ஆனால் இரண்டு நாள் கழித்து அது இறங்கும்போது இடையில் வேறு ஏதோ போய் இருப்பு குறைந்திருக்கும், உடனே ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட்டுவிடுவார்கள். 2022இல் ரீஜன்ஸ் வங்கி மீது சி.எஃப்.பி.பி. எடுத்த நடவடிக்கையும், அதே ஆண்டு டிசம்பரில் வெல்ஸ் ஃபார்கோ மீது போட்ட 3.7 பில்லியன் டாலர் உத்தரவின் ஒரு பகுதியும் இதைப் பற்றியவைதான். உங்களுக்கு இப்படி நடந்தால், 'தேய்க்கும்போது பணம் இருந்தது' என்று சொல்லித் தைரியமாகத் திரும்பக் கேளுங்கள்.

புதுக் கணக்குக்காரர்களுக்கு இன்னொன்று. நிறுவனம் கொடுத்த இடமாற்றப் படியைக் காசோலையாகப் போட்டீர்கள் என்றால், முழுத் தொகையும் மறுநாளே கைக்கு வராது. கணக்கு திறந்து முதல் 30 நாள்வரை வங்கிகள் பெரிய காசோலைகளை ஒரு வாரத்துக்கும் மேல் நிறுத்திவைக்க விதியே இடம் தருகிறது. பணம் 'போட்டாச்சு' என்று நம்பி முதல் மாத வாடகையை எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

தினசரிச் செலவை கிரெடிட் கார்டுக்கு மாற்றினால் இதில் பாதி ஒழியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கார்டின் ஆட்டோபே மாதம் ஒரு முறை உங்கள் செக்கிங்கிலிருந்து மொத்தமாக இழுக்கும். அந்தத் தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு மூன்று நான்கு நாள் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், கார்டு நிறுவனத்தின் தளத்திலேயே பில் தேதியை மாற்றிக்கொள்ள முடியும்.

இருப்பு 100 டாலருக்குக் கீழே போனால் எச்சரிக்கை அனுப்பும்படி ஆப்பில் வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

உங்கள் வங்கி எவ்வளவு வாங்குகிறது என்று பாருங்கள்

எல்லா வங்கியும் ஒன்றல்ல. ஆலி வங்கி 2021இலும், கேபிடல் ஒன், சிட்டி வங்கி இரண்டும் 2022இலும் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 2022இல் 35 டாலரை 10 டாலராகக் குறைத்தது. சேஸில் 34 டாலர், ஆனால் நாள் முடிவில் 50 டாலருக்குள் மைனஸ் இருந்தால் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனாலும் மறுநாள் வேலைநேர முடிவுக்குள் அந்த 50க்குள் கொண்டுவந்துவிட்டால் தப்பிக்கலாம். வெல்ஸ் ஃபார்கோவில் 35, அங்கேயும் ஒரு நாள் கூடுதல் அவகாசம் உண்டு. இந்த எண்கள் மாறக்கூடியவை, உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலைத் தேடி ஒரு முறை படித்துவிடுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். 10 பில்லியன் டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளும் கிரெடிட் யூனியன்களும் (கூட்டுறவுக் கடன் சங்கங்கள்) பொதுவாக 5 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று சி.எஃப்.பி.பி. 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நாடாளுமன்றம் அதை ரத்து செய்ய, 2025 மே மாதத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டுவிட்டார். பழைய விளம்பரத்தையோ செய்தியையோ பார்த்து '5 டாலர்தானே' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வங்கியை மாற்ற மனமில்லை என்றால் அதே வங்கிக்குள் கணக்கு வகையை மாற்றலாம், இதைப் பலர் அறிவதில்லை. 'பேங்க் ஆன்' என்ற சான்று பெற்ற கணக்குகளில் ஓவர்டிராஃப்ட் கட்டணமே கிடையாது. பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் இது உண்டு: சேஸில் செக்யூர் பேங்கிங், பேங்க் ஆஃப் அமெரிக்காவில் சேஃப்பேலன்ஸ், வெல்ஸ் ஃபார்கோவில் கிளியர் ஆக்சஸ். மாதம் 5 டாலர் அளவில் ஒரு கட்டணம் இருக்கும், இளவயதினருக்குப் பல இடங்களில் அதுவும் இல்லை. காசோலைப் புத்தகம் தர மாட்டார்கள், அது ஒன்றுதான் குறை.

கட்டணம் விழுந்துவிட்டதென்றால்

அன்றைக்கே தெரிந்துவிட்டால் முதலில் பணத்தைப் போடுங்கள், புகார் அப்புறம். மைனஸில் விட்டால் சில வங்கிகள் சில நாள் கழித்து இன்னொரு கட்டணம் சேர்க்கும், அன்று வருகிற ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனியாகப் போடுகிற இடங்களும் உண்டு. நண்பரிடம் ஸெல்லில் வாங்கிப் போடுவதுதான் வேகமான வழி.

பிறகு போன் செய்யுங்கள். 'கோர்ட்டஸி ரீஃபண்ட்' (நல்லெண்ணத்தில் கட்டணத்தைத் திருப்பித் தருவது) கிடைக்குமா என்று கேட்க வேண்டும், இது அவர்கள் தினமும் கேட்கிற சொல். சண்டை வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். 'நான் இங்கே புதிது, இந்தக் கணக்கில் இதுதான் முதல் முறை, இருப்பைச் சரிசெய்துவிட்டேன், டெபிட் ஓவர்டிராஃப்டை இப்போதே அணைத்துவிடுங்கள், இந்தக் கட்டணத்தையும் திரும்பப் போட முடியுமா' என்று நிதானமாகச் சொன்னால் முதல் முறைக்குப் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். மறுத்தால் மேலாளரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள், அல்லது வைத்துவிட்டு மறுநாள் வேறு ஒருவர் எடுக்கும்போது திரும்பக் கேளுங்கள். ஆங்கிலத்தில் போனில் பேசத் தயக்கமாக இருந்தால் ஆப்பின் செய்திப் பெட்டியில் எழுதுங்கள், அதே பலன், எழுத்தில் சான்றும் இருக்கும்.

அதற்கும் அசையவில்லை, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றால் சி.எஃப்.பி.பி. தளத்தில் புகார் பதியலாம், செலவில்லை. நிறுவனங்கள் பொதுவாக 15 நாட்களில் பதில் தருகின்றன. விசா நிலைக்கு இதனால் பாதிப்பு வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். குடியேற்றத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மைனஸ் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வேறு வங்கிக்குப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வங்கி அதை மூடிச் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடும், அந்தப் பதிவு 5 ஆண்டு வரை இருக்கும், அடுத்த வங்கி கணக்கு திறக்கும்போது அதைப் பார்த்து மறுக்கலாம். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள்: மாணவர் கணக்கு சாதாரணக் கணக்காக மாறி மாதாந்தரக் கட்டணம் கழியத் தொடங்கும், இருந்த 20 டாலர் தீர்ந்து மைனஸாகும், இரண்டு ஆண்டு கழித்து வேலை விசாவில் திரும்பி வரும்போது கதவு மூடியிருக்கும். உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று செக்ஸ்சிஸ்டம்ஸிடமே ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

கிரெடிட் யூனியன் என்றால்

நம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் அமெரிக்க வடிவம். லாப நோக்கம் இல்லாதது, கணக்கு வைத்திருப்பவர்களே உரிமையாளர்கள், 10 டாலர் போட்டவருக்கும் லட்சம் டாலர் போட்டவருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. முதல் சங்கம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக 1908இல் ஏற்பட்டது. 1934இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் பரவியது.

கூட்டுறவு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு பயம் வரும். 2019இல் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் பணம் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான பயம். இங்கே வங்கிகளுக்கு எஃப்.டி.ஐ.சி. காப்பீடு இருப்பதுபோல் கிரெடிட் யூனியன்களுக்கு என்.சி.யு.ஏ. என்ற மத்திய அமைப்பின் காப்பீடு இருக்கிறது, இரண்டிலும் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை, இரண்டுமே மத்திய அரசின் முழு உத்தரவாதம் உள்ளவை. சில மாநிலங்களில் தனியார் காப்பீட்டோடு மட்டும் இயங்கும் யூனியன்களும் கொஞ்சம் உண்டு, அதனால் கிளையின் கதவிலும் தளத்தின் அடியிலும் என்.சி.யு.ஏ. சின்னம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் சேர முடியாது. வேலை செய்யும் நிறுவனம், படிக்கும் பல்கலைக்கழகம், வசிக்கும் ஊர் என்று ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு போயிங் ஊழியர்கள் தொடங்கிய பெகு, கலிஃபோர்னியாவில் கோல்டன் ஒன், ஸ்டான்ஃபோர்டில் படிப்பவர்களுக்கு ஸ்டான்ஃபோர்ட் ஃபெடரல், மேடிசனில் யு.டபிள்யூ. கிரெடிட் யூனியன் என்று இருக்கின்றன. பென்ஃபெட், அலையண்ட் போன்றவற்றில் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சேர வழி உண்டு. உங்கள் பக்கத்தில் எவை என்று என்.சி.யு.ஏ. நடத்தும் மைகிரெடிட்யூனியன் டாட் கவ் தளத்தில் தேடலாம். அதைவிட எளிது, அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு வார்த்தை கேட்பது.

இப்போது முக்கியமான விஷயம். கிரெடிட் யூனியன் என்பதாலேயே ஓவர்டிராஃப்ட் கட்டணம் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பலவற்றில் உண்டு, சிலவற்றில் பெரிய வங்கியைவிட அதிகம்கூட. நாட்டிலேயே மிகப் பெரிய கிரெடிட் யூனியனான நேவி ஃபெடரல்மீது, முன்னே சொன்ன அதே திடீர்க் கட்டணங்களுக்காக 2024 நவம்பரில் சி.எஃப்.பி.பி. 95 மில்லியன் டாலர் உத்தரவு போட்டது (அடுத்த ஆண்டு அந்த அமைப்பே அதை விலக்கிக்கொண்டது). அதனால் சேரும் முன் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி இதையெல்லாம் பாருங்கள்: ஓவர்டிராஃப்டுக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, எத்தனை டாலர் வரை மைனஸ் மன்னிக்கப்படும், சேவிங்ஸிலிருந்து தானாக எடுத்து ஈடுகட்டினால் அதற்குக் காசு உண்டா. 'கோர்ட்டஸி பே' என்று அன்பான பெயரில் இருந்தாலும் அது இதே கடன்தான், சேரும் நாளிலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பின் எதற்காக மாற வேண்டும்? கடன் பக்கம்தான் வித்தியாசம் தெரியும். மத்திய உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் கொடுக்கும் கடனுக்கு வட்டி உச்சவரம்பு 18 சதவீதம், கிரெடிட் கார்டுக்கும் அதேதான். கணக்கோடு ஒரு சின்ன ஓவர்டிராஃப்ட் கடன் வரம்பு கேட்டுப் பெற்றால், 50 டாலர் ஒரு வாரம் குறைந்ததற்கு வட்டி 20 சென்ட்டுக்கும் கீழே, 35 டாலர் இல்லை. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் 'பி.ஏ.எல்.' (பேடே கடனுக்கு மாற்று) என்ற சிறு கடன் திட்டம் பல யூனியன்களில் இருக்கிறது: 2,000 டாலர் வரை, வட்டி 28 சதவீதத்துக்கு மேல் போகாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது. அடுத்த சம்பளத்தை நம்பிக் கொள்ளை வட்டிக்குக் கொடுக்கும் தெருமுனை பேடே கடன் கடைகளில் மாட்டிக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல். கார் கடனுக்கும் வட்டி பொதுவாக வங்கியைவிடக் குறைவு, கடன் வரலாறு இல்லாத புதியவர்களை உட்காரவைத்துப் பேசிப் பார்க்கும் பொறுமையும் சிறிய இடங்களில் இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆப் சில இடங்களில் பழையதாக இருக்கும். ஸெல் எல்லாவற்றிலும் இல்லை. ஊரிலிருந்து அப்பா வயர் மூலம் பணம் அனுப்ப வேண்டியிருந்தால் முன்பே விசாரியுங்கள், பல சிறிய யூனியன்களுக்கு வெளிநாட்டுப் பணத்தை நேரடியாகப் பெற உதவும் சொந்த ஸ்விஃப்ட் குறியீடு இல்லை, இடையில் வேறு வங்கி வழியாகத்தான் வர வேண்டும், நேரமும் செலவும் கூடும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத மாணவர்களைச் சில யூனியன்கள் சேர்ப்பதில்லை, பல்கலைக்கழகத்தை ஒட்டியவை பெரும்பாலும் பாஸ்போர்ட், ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வைத்தே சேர்த்துக்கொள்கின்றன. கிளைகள் குறைவு, ஆனால் பல யூனியன்கள் ஒன்றுக்கொன்று கிளைகளையும் ஏ.டி.எம்.களையும் பகிர்ந்துகொள்வதால் வேறு மாநிலத்துக்குப் போனாலும் சமாளிக்கலாம். வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் உறுப்பினர் உரிமை பொதுவாகப் போகாது.

இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரே யூனியனில் கார் கடனும் கிரெடிட் கார்டும் வைத்திருந்தால், கார்டு பாக்கிக்கும் அந்தக் காரே ஈடு என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கலாம். கார் கடனை முடித்துவிட்டு உரிமைப் பத்திரம் கேட்டால் கார்டு பாக்கியையும் கட்டச் சொல்வார்கள். இரண்டையும் வேறு வேறு இடங்களில் வைப்பது நல்லது.

என் பரிந்துரை இதுதான். வந்து சில மாதங்களே ஆகிறது, ஊரிலிருந்து பணம் வந்துகொண்டிருக்கிறது என்றால் கட்டணமில்லாத வங்கிக் கணக்கோ பேங்க் ஆன் கணக்கோ போதும். சம்பளம் வரத் தொடங்கி, கார் வாங்கும் எண்ணமும் வந்துவிட்டால் கிரெடிட் யூனியனில் ஒரு கணக்கு திறந்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதிலும் தவறில்லை.

மாறுவது எப்படி

அவசரமாகப் பழையதை மூடுவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. முதலில் புதுக் கணக்கைத் திறங்கள், பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் அதுவும் கேட்பார்கள். 5 டாலரோ 25 டாலரோ ஒரு பங்குக் கணக்கில் போடச் சொல்வார்கள், அதுதான் உங்கள் உறுப்பினர் பங்கு, விலகும்போது திரும்பக் கிடைக்கும். செக்கிங் கணக்கை அங்கே ஷேர் டிராஃப்ட் என்பார்கள்.

அடுத்து அலுவலகத் தளத்தில் டைரக்ட் டெபாசிட்டை (சம்பளம் நேராகக் கணக்கில் விழும் ஏற்பாடு) மாற்றுங்கள். ஒன்றிரண்டு சம்பளச் சுற்று பழைய கணக்குக்கே போகலாம், புதியதில் ஒரு சம்பளம் விழுந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை ஆட்டோபே எதையும் தொடாதீர்கள். பழைய கணக்கின் கடந்த 12 மாத அறிக்கையை எடுத்து அதிலிருந்து இழுக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு மாத அறிக்கை போதாது, கார் இன்சூரன்ஸ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும், அமேசான் பிரைம் ஆண்டுக்கு ஒரு முறை வரும். கிரெடிட் கார்டு பில், மின்சாரம், போன், வாடகைத் தளம், பணம் அனுப்பும் ஆப்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பழைய கணக்கில் கொஞ்சம் பணம் விட்டு இரண்டு மாதம் கவனியுங்கள், குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போய் மாதாந்தரக் கட்டணம் விழாத அளவுக்கு. வீட்டுக்காரர் போடாமல் வைத்திருக்கும் காசோலை எதுவும் வெளியே இல்லை என்று உறுதியான பிறகு அறிக்கைகளை எல்லாம் பி.டி.எஃப். ஆக இறக்கிவையுங்கள், மூடிய பிறகு ஆப்பில் நுழைய முடியாது, வரிக் கணக்குக்கோ வீட்டுக் கடனுக்கோ கேட்பார்கள். அப்புறம் மீதியைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டுக் கிளைக்குப் போயோ செய்தி அனுப்பியோ மூடச் சொல்லி, இருப்பு பூஜ்யம், கணக்கு மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். மூடிய கணக்கைப் பழைய சந்தா ஒன்று தட்டியதும் வங்கி தானே திறந்து மைனஸ் போட்டுக் கட்டணமும் வாங்கியது இந்த நாட்டில் நடந்திருக்கிறது. அப்படி வந்தால் காட்ட அந்தக் கடிதம் வேண்டும்.